அந்த அரை அங்குல உளி எங்கே?

"இங்கதானே வெச்சேன், எவன் எடுத்தான்?"

குடும்பத் தலைவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதிகம் பேசும் வசனம் இது. தேடப்படும் குற்றவாளி பெரும்பாலும் திருப்புளி. கடைசியில் பிடிபடும் இடம் ஃப்ரிட்ஜின் தலை, தையல் மெஷின் டிராயர், அல்லது பூஜை அறை (விளக்குத் திரியைத் தள்ளிவிட வசதியாம்).

எங்கள் வீட்டில் விவகாரம் திருப்புளியோடு நிற்கவில்லை. ஆபீஸ் போக மிச்ச நேரத்தில் மரவேலை செய்கிற வியாதி எனக்கு. நெட்டப்பாக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. மாடு இருந்த இடம். மாட்டை விற்றபிறகு நான் குடிபோனேன். பெரிய வித்தியாசம் இல்லை, மாடாவது பால் கொடுத்தது என்பது மனைவியின் அபிப்பிராயம்.

உளி, இழைப்புளி, கொட்டாப்புளி, ரம்பம், அரம், கொறடு எல்லாம் ஒரு சாக்குப் பையில் கூட்டுக் குடித்தனம். எது வேண்டுமானாலும் கையை விட்டுத் துழாவ வேண்டியதுதான். போன ஐப்பசியில் இரண்டாம் வகுப்பு படிக்கும் என் பெண் பென்சில் சீவ ஏதாவது கிடைக்குமா என்று அந்தப் பைக்குள் கை விட்டாள். அரை அங்குல உளி. உள்ளங்கையில் நாலு தையல்.

முந்தின நாள்தான் அதைத் தீட்டியிருந்தேன். "நல்ல கூர், அதனால காயம் பிசிறு இல்லாம இருக்கு" என்றார் டாக்டர். என் வேலைக்கு இதுவரை கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் வயிற்றைக் கலக்கியது. வாசலில் வண்டியை நிறுத்தியதும் சொன்னாள்: "ஒரு வாரம் டயம். எல்லாம் இவ கைக்கு எட்டாத இடத்துக்குப் போயிடணும். இல்லாட்டி பழைய இரும்புக்காரன் வருவான்."

எட்டாத இடம் என்றால் சுவர்தான். அங்கிருந்து ஆராய்ச்சி ஆரம்பம்.

சுவரில் சாமான் மாட்டுவது சாதாரண விஷயம் என்று நினைத்தால் நீங்களும் என்னைப்போல அப்பாவி. அமெரிக்காவில் ஹென்றி ஸ்டட்லி என்று ஒருத்தர், பியானோ செய்கிற தொழிலாளி, 1925-இல் காலமானார். கருங்காலி, ஈட்டி, முத்துச்சிப்பி எல்லாம் இழைத்து ஒரு சுவர்ப் பெட்டி செய்தார். மூடினால் உயரம் சுமார் 40 அங்குலம், அகலம் 20 அங்குலம். உள்ளே ஏறக்குறைய 300 கருவிகள்! அடுக்கடுக்காக, ஒரு அடுக்கைத் திறந்தால் பின்னால் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் அதனதன் உருவத்துக்குச் சரியாகக் குடைந்த இடம். படம் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த மனுஷன் எப்போது பியானோ செய்திருப்பார்?

சமையல் புத்தகம் எழுதிப் பேர் வாங்கிய ஜூலியா சைல்ட் அம்மாள் வீட்டிலும் இதே கதை. அவர் கணவர் பால், ஓட்டை போட்ட பலகையைச் சுவரில் அடித்து, கொக்கி மாட்டி, ஒவ்வொரு வாணலிக்கும் பின்னால் அதன் உருவத்தைக் கோடாக வரைந்துவிட்டார். எது எங்கே என்ற பேச்சே கிடையாது. அந்த சமையலறையை அம்மாள் 2001-இல் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்ஸோனியன் மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார். நம் வீட்டு சமையலறையை எந்த மியூசியம் கேட்கும் என்று யோசித்து, உடனே அந்த யோசனையை விட்டேன்.

ஒரு அங்குலத்துக்கு ஒரு ஓட்டையாக அந்தப் பலகை இப்போது இங்கேயும் கிடைக்கிறது. கொக்கியை எங்கே வேண்டுமானாலும் மாற்றலாம். வாங்கக் கிளம்பியவனைத் தடுத்தவர் அடுத்த தெருப் பெரியவர். அறுபது வருஷமாக உளி பிடித்த கை. "தம்பி, அது மரத்தூளு அட்டை. கார்த்திகை மழையில நம்ம ஊரு சுவரு வேர்க்கும். ஒரு மழைக்கு ஊதிடும், ரெண்டாவது மழைக்குக் கொக்கியோட கையில வரும்" என்றார். கொட்டகைச் சுவரைத் தடவிப் பார்த்து, தண்ணீர் ஏறும் உயரத்தைச் சாக்பீஸால் கோடு போட்டார். அதற்குக் கீழே ஒன்றும் மாட்டக்கூடாது.

அப்புறம் கிடைத்ததுதான் 'பிரெஞ்சு க்ளீட்'. பெயரைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். 1954 மார்ச் கடைசியில் எதுவார் குபேர் பிரெஞ்சு ஆட்சியை உதறி, இந்தியக் கொடி ஏற்றி, தற்காலிக அரசு அமைத்தது இதே நெட்டப்பாக்கத்தில்தான். அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அவ்வளவு கஷ்டப்பட்டு அனுப்பிவைத்தவர்களை நான் மறுபடி கொட்டகைச் சுவரில் ஏற்றுகிறேன்!

விஷயம் ரொம்ப சுலபம். ஒரு பலகையை நீளவாக்கில் 45 டிகிரி சாய்வாக அறுத்தால் இரண்டு பட்டை. ஒன்றைச் சுவரில் திருகாணி போட்டு நிறுத்தவேண்டும். அதன் மேல்விளிம்பு முன்பக்கம் உயர்ந்து, சுவர்ப்பக்கம் சரிந்திருக்கணும். மற்றதைத் தலைகீழாகத் திருப்பி, உளிச்சட்டத்தின் முதுகில் அடித்துவிட வேண்டும். மேலேயிருந்து இறக்கினால் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். கனம் ஏற ஏறப் பிடி இறுகும். வேண்டாமென்றால் தூக்கி வேறு இடத்தில் மாட்டலாம், சுவரில் புதிதாக ஓட்டை வேண்டாம். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் காற்று போக இடம் இருப்பதால் ஈரத்துக்கும் பயமில்லை.

பெரியவர் வந்து பார்த்தார். ஒரு சட்டத்தைத் தூக்கினார், மாட்டினார், மறுபடி தூக்கினார். "நல்லாத்தான் கீது. இதுக்குப் போயி பிரெஞ்சுக்காரன் பேரு இன்னாத்துக்கு?" என்றார்.

மூன்று நாள் சாயங்காலம் கூடவே உட்கார்ந்து என் ஏற்பாட்டில் முக்கால்வாசியைத் தலைகீழாக மாற்றினார். திருகாணியைச் செங்கல்லின் நடுவில் இறக்கணும், இரண்டு கல்லுக்கு நடுவிலுள்ள பூச்சில் இறக்கினால் நிற்காது. இரும்பு இழைப்புளியை நான் அழகுக்காகத் தலைக்கு மேலே வைத்திருந்தேன். "கை வழுக்குனா உன் மண்டைக்குத்தான் தையல்" என்று இடுப்பு உயரத்துக்கு இறக்கிவிட்டார். ரம்பம் கைப்பிடியில் தொங்க வேண்டும், பல்லில் சாயக்கூடாது. உளிகளுக்கு ஓட்டை போட்ட சட்டம், கீழே கூர்முனை வெளியே தெரியாதபடி ஒரு பலகை மறைப்பு, எல்லாம் அவள் கைக்கு எட்டாத உயரத்தில். அந்த மறைப்புப் பலகையை அவரே அறுத்து, அவரே அடித்தார். நாலு தையலைப் பற்றி அவரிடம் நான் சொல்லவே இல்லை. ஊரே சொல்லியிருக்கிறது.

மூலைமட்டத்தை மட்டும் தனியாக, யார் கையும் தட்டாத மூலையில் மாட்டச் சொன்னார். ஒரு தடவை கீழே விழுந்தால் அதன் நேர்மை போச்சாம். போச்சா இல்லையா என்று பார்க்கவும் வழி உண்டு. பலகை விளிம்பில் வைத்து ஒரு கோடு கிழித்து, மட்டத்தைப் புரட்டிப் போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் சரி. மேலே போகப் போக விலகினால் மட்டம் பொய் சொல்கிறது. என்னுடையது விலகியது. இரண்டு வருஷமாக என் ஸ்டூல்கள் ஆடியதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. தரை சரியில்லை என்று வீட்டில் சாதித்துக்கொண்டிருந்தேன்.

துருவுக்கு மருந்தும் அவரே சொன்னார். வேலை முடிந்ததும் துணியில் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தொட்டு ஒரு துடைப்பு. மூடிய டப்பாவில் இருக்கும் சின்ன சாமான்களோடு ஒரு கட்டி கற்பூரம்.

அவர் வீட்டில் சுவரில் ஒன்றும் கிடையாது. பழைய மரப்பெட்டி ஒன்று, அவ்வளவுதான். கையை விட்டால் கேட்ட சாமான் வருகிறது. "ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வெளிய எடுத்து எண்ணுவேன். ஒண்ணு குறைஞ்சாலும் அன்னிக்கு சோறு எறங்காது" என்றார். கண் முன்னைப்போல இல்லை, கை விரல்தான் பார்க்கிறது.

சாமான் தொலைப்பது நமக்கு மட்டும் வாய்த்த திறமை அல்ல. 2008 நவம்பரில் விண்வெளி நிலையத்துக்கு வெளியே வேலை பார்த்த ஒரு வீராங்கனை கையிலிருந்து கருவிப் பை நழுவி மிதந்து போய்விட்டது. பாடம் கற்றிருப்பார்கள் என்று பார்த்தால், 2023 நவம்பரில் இரண்டு பேர் சேர்ந்து இன்னொரு பையை விட்டுவிட்டார்கள். மேட்டரை மனைவியிடம் ஆவலாகச் சொன்னேன். "அவங்க வீட்டுல குழந்தை கை விடற எடத்துல விடலையே" என்றாள்.

கடைசி வேலையை என் பெண் செய்தாள். ஜூலியா அம்மாள் வீட்டு மாதிரி ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் கோட்டுப்படம். நான் சட்டத்தைக் கழற்றி மேஜையில் போட்டு, கருவியைப் பிடித்துக்கொள்ள, அவள் கறுப்புப் பெயின்டில் சுற்றி வரைந்தாள். அரை அங்குல உளி முறை வந்தபோது கொஞ்சம் நின்றாள். "நீயே புடி, அசைக்காத" என்றாள். அந்தப் படம் மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்திருக்கிறது. தூரத்திலிருந்து வரைந்திருக்கிறாள்.

ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும். கருவி எடுத்தால் அந்த இடத்தில் பித்தளை டோக்கனை மாட்டிவிட்டுப் போகணும். நானும் அட்டையில் டோக்கன் செய்து வைத்தேன். இரவல் வாங்குகிறவர் பெயர் எழுதி மாட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கௌரவமாக எழுதிவிட்டுச் சுத்தியல் எடுத்தார், மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தார். ஒரு வருஷமாகத் திரும்பாத கொறடு, சுவரில் அதன் காலி உருவத்தைப் பார்த்த வெட்கத்தில் தானாக வந்து சேர்ந்தது.

இப்போது சுவரில் ஒரே ஒரு படம்தான் காலி. அரை அங்குல உளி. டோக்கனும் ஒழுங்காகத் தொங்குகிறது, என் மனைவியின் கையெழுத்தில்: 'எங்கண்ணன், ஏரிப்பாக்கம்'. மூன்று மாதம் ஆகிறது. பெண் தினமும் பார்த்துவிட்டு "மாமா எப்பப்பா கொண்டாருவாரு?" என்கிறாள். அம்மாவைக் கேள் என்று சொல்லியிருக்கிறேன்.