நின்றுபோன கணினியும் நமது அவசரமும்

“தம்பி, இதை ஃபார்மட் அடிச்சிடுவோம். சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க.”

பாகான் செராய் பட்டணத்தில் ஒரு கணினிக் கடை. என் மடிக்கணினியைத் திறந்து பார்த்த கடைக்கார அண்ணன் இரண்டே நிமிடத்தில் தீர்ப்பு வழங்கிவிட்டார். எனக்கு நெஞ்சு அடைத்தது. அந்தக் கணினியில் என் பாட்டியின் குரல் இருந்தது. பால்மரம் சீவிய காலம், விடியற்காலைப் பெரட்டு, லயத்து வாழ்க்கை என்று பாட்டி சொல்லச் சொல்ல நான் பதிவு செய்த ஆறு மணி நேரப் பேச்சு அது. வேறெங்கும் அதற்கு நகல் இல்லை. பாட்டியும் இப்போது இல்லை.

“வேண்டாம் அண்ணே” என்று கணினியை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

அந்த அண்ணன் மீது குற்றமில்லை. குற்றம் என்னுடையது. இயங்குதளப் பாடத்தில், லினக்ஸ் கெர்னலை மூல நிரலிலிருந்து நாமே தொகுத்து இயக்கிக் காட்ட வேண்டும் என்பது பணி. “மெய்நிகர் கணினியில் செய்யுங்கள், சொந்தக் கணினியில் கை வைக்காதீர்கள்” என்று விரிவுரையாளர் எச்சரித்திருந்தார். நான் கேட்கவில்லை. விடுமுறையில் வீட்டுக்கு வந்தவன், சொந்தக் கணினியிலேயே கை வைத்தேன்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. வட்டு, விசைப்பலகை, திரை, நினைவகம் ஆகிய அனைத்தையும் மென்பொருள்களோடு இணைத்து வைப்பது அதுதான். பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில், தம் 21ஆம் வயதில் லினக்ஸ் கெர்னலை உலகுக்கு அறிவித்தார். ஒரு மாணவர் தொடங்கிய அந்த வேலை இன்று 3 கோடிக்கும் அதிகமான வரிகளாக வளர்ந்து நிற்கிறது. அதில் நமக்கு வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுத்துத் தொகுத்துக்கொள்ளலாம். நானும் தொகுத்தேன். புதிய கெர்னலைத் தொடக்கக் கோப்பகத்தில் போட்டேன். இடம் போதவில்லை என்று பழைய கெர்னலை அழித்தேன்! கணினியை அணைத்துப் போட்டேன்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி, ‘கெர்னல் பேனிக்’ என்ற அறிவிப்போடு நின்றன. நான் செய்த முதல் ஆராய்ச்சி என்ன தெரியுமா? பத்து முறை அணைத்து அணைத்துப் போட்டதுதான். பிறகு கடைக்கு ஓடினேன்.

அன்றிரவு அப்பா கேட்டார். அவர் நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுபவர். கணினி பற்றி ஒன்றும் தெரியாது.

“எது வரைக்கும் ஓடுச்சுடா?”

“அது ஓடலப்பா.”

“வயல்ல தண்ணி வரலன்னா, வயலையா கொத்திப் போடுவாங்க? எந்த மதகு வரைக்கும் தண்ணி வந்துச்சுன்னு பார்ப்பாங்க. அடுத்த மதகுலதான் கோளாறு.”

எங்கள் கிரியான் மாவட்டத்து வயல்களுக்கு 1906ஆம் ஆண்டு முதல் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் வருகிறது. பெரிய கால்வாய், கிளைக் கால்வாய், மதகு, வயல் என்று ஒன்றன்பின் ஒன்றாக அது வந்து சேர வேண்டும். கணினி தொடங்குவதும் அப்படித்தான். முதலில் தாய்ப்பலகையில் உள்ள தொடக்க நிரல், அடுத்து ‘கிரப்’ எனும் ஏற்றி, அதற்கடுத்துக் கெர்னல், கடைசியாக வட்டில் உள்ள மூலக் கோப்பு முறைமை. என் கணினியில் கிரப் வந்தது, கெர்னலும் ஓடியது. ஆக, முதல் மூன்று மதகுகளும் சரி. கடைசி மதகுதான் திறக்கவில்லை.

அப்போதுதான் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த திரைப் படத்தை முதன்முறையாக வாசித்தேன். மூலக் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. “இருக்கின்ற பகிர்வுகள் இவை” என்று அதற்கு மேல் ஒரு வரி. அதன் கீழே ஒன்றுமே இல்லை. வட்டு இருப்பதே கெர்னலுக்குத் தெரியவில்லை!

காரணம் புரிந்தது. வட்டை இயக்கும் நிரலை நான் கெர்னலோடு சேர்க்காமல், ‘மாட்யூல்’ எனப்படும் தனிக்கூறாகத் தொகுத்திருந்தேன். அந்தத் தனிக்கூறு எங்கே இருக்கிறது? அதே வட்டில்! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். இதற்காகவே ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற சிறு பொதியைக் கிரப் முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றிக் கொடுக்கும். தேவையான சாவிகள் அதில் இருக்கும். நான் கெர்னலை மட்டும் கையால் நகலெடுத்துவிட்டு அந்தப் பொதியை உருவாக்காமல் விட்டிருந்தேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

மறுநாள் மாமா வீட்டுக் கணினியில், நேரடியாக இயங்கும் லினக்ஸை ஒரு விரலியில் ஏற்றி வந்தேன். அதைக் கொண்டு என் கணினியைத் தொடங்கி, முதல் வேலையாகப் பாட்டியின் பதிவுகளை வேறு வட்டுக்கு நகலெடுத்தேன். பிறகுதான் பழுதில் கை வைத்தேன். வட்டு நிரலைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துத் தொகுத்தேன். மீண்டும் பேனிக்! ஆனால் இம்முறை பகிர்வுகளின் பட்டியல் திரையில் இருந்தது. தண்ணீர் இன்னும் கொஞ்ச தூரம் வந்துவிட்டது. கோப்பு முறைமையின் ‘யூயூஐடி’ அடையாள எண்ணைக் கொண்டு வட்டைத் தேடும்படி கிரப் சொல்கிறது. அந்த எண்ணைப் புரிந்துகொள்ளும் வேலையையும் இனிட்ராம்எஃப்எஸ்தான் செய்கிறது, கெர்னல் தனியாகச் செய்வதில்லை. பொதியை உருவாக்கி, கிரப் பட்டியலைப் புதுப்பித்தேன். கணினி எழுந்தது.

‘பேனிக்’ என்றால் பதற்றம். உண்மையில் கெர்னல் பதறவே இல்லை. வழியில்லை என்று தெரிந்ததும் நின்று, ஏன் நின்றேன் என்று சொல்லிவிட்டது. பதறியவன் நான்தான்.

இதை ஏன் பேரவை மலரில் எழுதுகிறேன்? ‘ஃபார்மட் அடிச்சிடு’ என்பது கணினிக் கடையில் மட்டும் ஒலிக்கும் சொல் அன்று. அது நம் மாணவர்களிடையே ஒரு மனப்பான்மையாகவே வேரூன்றிவிட்டது. ஒரு பாடத்தில் தோற்றால் பாடத்தையே மாற்றுகிறோம். எந்த அத்தியாயம் வரை புரிந்தது என்று பார்ப்பதில்லை. ஃபார்மட் செய்தால் கணினி ஓடும் என்பது உண்மைதான். சில வேளைகளில் அதுவே விரைவான வழி என்பதையும் மறுக்கவில்லை. ஆனால், பழுது ஏன் வந்தது என்பது கடைசிவரை தெரியாது. அடுத்த முறையும் அதே இடத்தில் விழுவோம். அதோடு, அழிவது எது என்று யாரும் கேட்பதில்லை. என் கதையில் அழிந்திருக்கக்கூடியது ஒரு தலைமுறையின் பேச்சு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றிரவு நான் தேடிப் படித்த விளக்கங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தன. கணினித் தமிழில் நம் நாடு பின்தங்கியதன்று. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இங்கே பிறந்தது. 2001ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. தமிழகத்தில் ‘கணியம்’ மின்னிதழ் 2012ஆம் ஆண்டில் தொடங்கி, கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதி வந்திருக்கிறது. கணினியில் தமிழை எழுத வைத்துவிட்டோம். கணினியைப் பற்றித் தமிழில் எழுதுவதில்தான் நாம் இன்னும் சோம்பேறிகள். பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் ஒவ்வொரு தமிழ் மாணவரும் தாம் தீர்த்த ஒரு பழுதையேனும், நின்ற இடம், காரணம், தீர்வு என மூன்று பத்திகளில் தமிழில் எழுதி வைத்தால் போதும். தோட்டப்புறத்திலிருந்து வரும் அடுத்த தம்பிக்கோ தங்கைக்கோ அது ஒரு சாவியாகும்.

இப்போது என் கணினியில் பழைய கெர்னல் ஒன்று எப்போதும் இருக்கிறது. பாட்டியின் குரல் மூன்று இடங்களில் இருக்கிறது. எது நின்றாலும் அப்பாவின் கேள்விதான் முதலில் வருகிறது: எது வரைக்கும் ஓடியது?

கடைக்கு ஓடுவதற்கு முன், நண்பர்களே, நீங்களும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.