மாட்டுக்கு மருத்துவம் பார்க்கக் கூலி கேட்கலாமா?

நம் தோட்டப்புறங்களில் பசுவும் ஆடும் வளர்ப்போர் இன்றும் உள்ளனர். அவை நோயுற்றால் முதலில் மஞ்சளும் வேப்பிலையும்; மருத்துவரை அழைப்பது கடைசியில்தான். காரணம் அலட்சியமன்று, எவ்வளவு கேட்பாரோ என்னும் அச்சமே.

யானும் அவ்வாறு அஞ்சியவன். எங்கள் பசுவுக்கு மடிநோய் கண்டபோது நான்கு நாள் தாமதித்தேன். பின்னர் வந்த மருத்துவர் ஊசிகள் போட்டார். மருந்து உடலில் உள்ளவரை பாலைக் கொட்டிவிடச் சொன்னார். ஒரு காம்பு வற்றியே போயிற்று. அவர் கேட்ட தொகையைவிட என் தாமதம் தின்ற தொகையே பெரிது.

அரசாங்க மருந்தகத்தில் 1 வெள்ளி கொடுத்துப் பழகிய நமக்கு மாட்டு வைத்தியரின் கட்டணம் கொள்ளையாகத் தோன்றுகிறது. நமக்காகும் மீதிச் செலவை அரசாங்கம் ஏற்பதை மறந்துவிடுகிறோம். எனினும் எல்லாரும் நேர்மையானவர் என்று சொல்லேன். நோய் இன்னது, ஆகும் தொகை இவ்வளவு என்று கைவைக்குமுன் சொல்பவரையே நான் நம்புவேன். 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்றவரே கால்நடை மருத்துவராகத் தொழில் புரியலாம். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்வதில் வெட்கம் எதற்கு? மாவட்டக் கால்நடை மருத்துவத்துறை அலுவலகத்தையும் முதலில் விசாரிக்கலாம். அங்குக் கட்டணம் பொதுவாகக் குறைவு.

எங்கள் பசு இப்போது மூன்று காம்புகளில் கறக்கிறது. பால் விற்ற காசில் வாரம் 2 வெள்ளியை என் மகள் பால்மாவு டின்னில் போட்டு வருகிறாள். அது மாட்டின் பணம், எவரும் தொடக்கூடாதாம்.