சோழகத்தில் காலியாகும் வாங்குகள்

வாடைக் காற்று வீசும் கார்த்திகை, மார்கழியில் திருகோணமலைக் கரையில் வள்ளங்கள் ஏற்றிக் கிடக்கும். பங்குனி தாண்டினால் கரைவலை இறங்கும். சோழகக் காற்று தொடங்க, நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்களும் வந்து வாடி போடுவார்கள். பாடசாலை நாட்காட்டிக்கு இந்தக் காற்றுகள் தெரியாது. கடல் கொந்தளிக்கும் டிசம்பரில் அது விடுமுறை விடும், மீன் படும் மாதங்களில் இரண்டாம் தவணையை நடத்தும். தரம் 9, 10 வகுப்புகளின் பின் வாங்குகள் அப்போது காலியானால் விசாரிக்கத் தேவையில்லை. பையன் தொழிலுக்குப் போய்விட்டான்.

சட்டத்தில் குறையில்லை. 14 வயது வரை என்றிருந்த கட்டாயக் கல்வி 2016-இல் 16 வரை நீண்டது. வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயதையும் 2021-இல் வந்த திருத்தச் சட்டம் 16 ஆக்கியது. இடையில், 2017-இல், 13 வருட உத்தரவாதக் கல்வி 42 பாடசாலைகளில் தொடங்கியிருந்தது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் தவறியவரும் அதில் தரம் 12-இல் சேரலாம். முதலில் பாடசாலையில் பொதுப் பாடங்கள், பிறகு ஒரு தொழிற்பயிற்சி, முடிவில் தேசியத் தொழிற்தகைமை (என்.வி.கியூ.) 4-ஆம் மட்டச் சான்றிதழ்.

நல்ல கதவுதான். ஆனால் அது தரம் 11-க்கு அப்பால் இருக்கிறது. பதினான்கு வயதில் வள்ளம் ஏறியவனை அதுவரை கூட்டி வருவது யார்? அதிபர்தான் என்று யாரும் சொல்வார்கள். அதே அதிபரை வலயக் கல்விப் பணிமனையும் ஊரும் எடைபோடுவது சாதாரண தரப் பெறுபேற்றை வைத்து. கணிதத்தில் தவறக்கூடிய பத்துப் பேர் பரீட்சைக்கே வராவிட்டால் சித்தி வீதம் ஏறும். இப்படியொரு கணக்கைக் கையில் கொடுத்துவிட்டு, விலகியவனைத் தேடிப் போகச் சொல்வது, தெரிந்தே நட்டத்துக்கு வியாபாரம் செய் என்பதற்குச் சமம்.

வராதவனெல்லாம் படிப்பை வெறுத்தவனுமல்ல. சிலருக்குப் பாடசாலைக்கு வரும் வழியே ஆபத்து. கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பரில் இழுவைப் படகு கவிழ்ந்து இறந்தவர்களில் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள்.

வேறு மாதிரி ஆசிரியர் ஒருவரையும் திருகோணமலை நகரம் கண்டிருக்கிறது. லூசியானாவில் பிறந்து 1948-இல் இலங்கைக்கு வந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபர்ட், இங்கே புனித சூசையப்பர் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கினார். பிறகு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பழக்கினார். கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தை இயக்கினார். மைதானமும் பட்டறையும், புத்தகத்துக்கு முகம் திருப்பும் பையன்கள் அழைக்காமலே வந்து நிற்கும் இடங்கள். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவர் காணாமற்போனார்.

அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. அவர் நடத்தியது இடைவிலகியோர் பள்ளியுமல்ல. பல ஆண்டுகள் கிழக்கை விட்டுப் போகாமல் இருந்தார் என்பதே இங்கு முக்கியம். ஒரு பையனின் நம்பிக்கையைப் பெறுமுன் இடமாற்றம் வந்துவிடும் அதிபருக்கு இது வாய்ப்பதில்லை.

இடைவிலகியோருக்கென்றே பள்ளி நடத்தியவர் வேறொருவர். இத்தாலியின் பார்பியானா மலைக்கிராமத்தில் லொரென்சோ மிலானி என்ற பாதிரியார், அரச பள்ளி கைவிட்ட ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். அங்கே விடுமுறை கிடையாது. மூத்தவன் இளையவனுக்குக் கற்பித்தான். அந்த மாணவர்கள் 1967-இல் வெளியிட்ட நூல், தோற்கடிக்கப்படுவது யாருடைய பிள்ளைகள் என்று புள்ளிவிவரத்தோடு கேட்டது. மிலானியோ ஹேபர்டோ சித்தி வீதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துறவியல்லாத ஓர் அதிபருக்கும் அந்தச் சுதந்திரத்தை எழுத்தில் கொடுக்கலாம்.

துறைமுகக் கரையில் அப்படியொரு பள்ளியை நடத்துபவருக்கு முதலில் வேண்டியது காற்றைப் பார்த்து நேரசூசி போடும் அதிகாரம். வாடை மாதங்களில் முழுநாள் வகுப்பு, சோழகத்தில் வலை இழுத்து முடிந்த பின் மாலையில் இரண்டு மணி நேரம். வெளியிணைப்பு இன்ஜினைக் கழற்றிப் பூட்டுவதில் விஞ்ஞானம் இருக்கிறது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி பங்கு பிரிக்கும் கணக்கில் விகிதசமம் இருக்கிறது. அவரை எடைபோட வேண்டியது, போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்ற ஒரே எண்ணை வைத்து. முதல் வருடம் இருபது பேர் போதும். டிசம்பரில் வகுப்பறைகளும் சும்மாதான் கிடக்கின்றன.