ஊசி போட்ட பிள்ளைக்கும் அம்மையா?



'ஊசி போட்ட பிள்ளைக்கே அம்மை வந்துவிட்டது, பிறகு எதற்கு ஊசி?' திண்ணையில் கேட்ட கேள்வி இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. அசட்டுக் கேள்வி என்று ஒதுக்க மாட்டேன். அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து கார்ப்பஸ் கிறிஸ்டி நகரத்தையே திகைக்க வைத்த கேள்வி அது.

1985-ஆம் ஆண்டு. அந்த ஊரில் தடுப்பூசி போடாத பிள்ளைக்குப் பள்ளியில் இடமில்லை. விதி கறாராக நடப்பில் இருந்தது. இரண்டு பள்ளிகளில் 99 சதவீதத்துக்கும் மேலான மாணவர்கள் தட்டம்மை ஊசி போட்டவர்கள். அங்கேதான் தட்டம்மை புகுந்தது.

முதல் மாணவர் படுத்த எட்டாம் நாளே 1,806 பேரிடம் ரத்தம் எடுத்துவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்! தாமதித்திருந்தால், எதிர்ப்பாற்றல் ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று பிரித்திருக்க முடியாது. 1,732 பேருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தது. 74 பேருக்கு இல்லை. அந்த 1,732 பேரில் ஒருவருக்குக்கூட அதன்பின் தட்டம்மை வரவில்லை. மற்ற 74 பேரில் 14 பேர் படுத்தார்கள். பதினான்கு பேரும் ஊசி போட்டவர்கள்தாம்.

ஆக, வதந்தி சொல்வதில் பாதி உண்மை. எல்லோரும் ஊசி போட்ட பள்ளியில் நோயில் படுப்பவரும் ஊசி போட்டவராகத்தானே இருப்பார்! ஊசி பலிக்காத சிலரைக் கிருமி தேடிப் பிடித்தது. தட்டம்மைக்கு அது எளிது. நோயாளி வெளியேறிய பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் அது தங்கும்.

நம் ஊரில் முதல் ஊசி ஒன்பது மாதம் முடிந்ததும் போடப்படுகிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் சில குழந்தைகளிடம் அப்போதும் மிச்சமிருந்து, ஊசியை வேலை செய்ய விடாது. அதற்காகத் தள்ளிப்போடவும் முடியாது. இந்த நோய் கைக்குழந்தைகளைத்தான் அதிகம் வாட்டும். எனவே 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணை. முதலில் தவறியவர்களைப் பிடிப்பதே அதன் வேலை. கார்ப்பஸ் கிறிஸ்டியிலும் இரண்டு தவணை போட்டவர்களில் எதிர்ப்பாற்றல் இல்லாதோர் குறைவு. அமெரிக்கா 1989-இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டு தவணையைப் பரிந்துரைத்தது; இந்தியா 2010-இல் தொடங்கியது. 2017-இல் இங்கே தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்தபோது வதந்திகள் என்ன ஓட்டம் ஓடின என்பது பெற்றோருக்கு நினைவிருக்கும்.

பீரோவில் இருக்கும் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். 'எம்.ஆர்.' (தட்டம்மை-ரூபெல்லா) ஊசிக்கு நேரே இரண்டு தேதிகள் இருக்க வேண்டும். 16 மாதம் முடிந்தும் ஒன்றுதான் இருந்தால், வருகிற புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போங்கள். பணம் கேட்க மாட்டார்கள். ஐந்து வயது தாண்டியிருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்