வடம் பிடிக்கும் கைகளுக்குப் பொறுப்பும் வேண்டும்

திருவிழா என்றவுடன் நம் பிள்ளைகள் ஓடோடி வருகின்றனர். தோரணம் கட்டுவோரும், தண்ணீர்ப் பந்தலில் மோர் வழங்குவோரும், தேர் வடம் பிடிப்போரும், அன்னதானம் முடிந்தபின் மண்டபத்தைக் கழுவிவிடுவோரும் பெரும்பாலும் பதினைந்து, பதினாறு வயதினரே. கொடியிறக்கம் முடிந்த மறுநாள் அவர்களை ஆலய வளாகத்தில் காண்பது அரிதாகிவிடுகிறது. இதற்குப் பிள்ளைகளைக் குறை கூறிப் பயனில்லை. எடுபிடி வேலைக்கு அழைக்கப்படும் அவர்கள் ஆலோசனைக்கு அழைக்கப்படுவதில்லை.

இளையோரிடம் பொறுப்பை ஒப்படைத்தால் என்ன விளையும் என்பதற்கு நம் சமுதாய வரலாறே சான்று. போருக்குப் பின்னர் கெடா மாநிலத் தோட்டங்களில் 'தொண்டர் படை' தோன்றியது. பீடோங் வட்டாரத்து ஹார்வார்ட் தோட்டத்தின் ஏ. எம். சாமி முன்னின்று நடத்திய அவ்வியக்கத்தில் தோட்டத்து இளைஞர்கள் அணிதிரண்டனர். தொழிலாளியின் கூலியையும் குடும்பத்தையும் விழுங்கிய கள்ளுக்கடைகளை எதிர்த்து 1947 ஆம் ஆண்டில் மறியல் செய்து, கைதுக்கும் சிறைக்கும் ஆளாயினர்.

1950களில் கோ. சாரங்கபாணி தமது 'தமிழ் முரசு' நாளிதழில் மாணவர் மணிமன்றத்திற்கு இடமளித்தார். பள்ளிப் பிள்ளைகளின் எழுத்தில் தொடங்கிய அம்முயற்சி ஊர்தோறும் மணிமன்றங்களாகக் கிளைவிட்டது. அங்கே கூட்டம் நடத்தவும், மேடையேறிப் பேசவும் பழகியவர்கள் பின்னாளில் எழுத்தாளர்களாகவும் சமூகத் தொண்டர்களாகவும் விளங்கினர்.

1877 ஆம் ஆண்டில் இந்நாட்டின் தொடக்க கால ரப்பர் கன்றுகள் நடப்பட்ட ஊர் நம் கோலா கங்சார். அந்த ரப்பரை நம்பி வந்த நம் முன்னோர், தோட்டந்தோறும் ஆலயம் எழுப்பினர். இன்று தோட்டங்கள் கைமாறிவிட்டன. குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. எஞ்சியிருக்கும் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் கூடுவதற்கு ஓரிடம் வேண்டும். ஆலயம் அவ்விடத்தை அளிக்கத் தவறினால், குண்டர் கும்பல்கள் அளிக்கக் காத்திருக்கின்றன என்பதைப் பெற்றோர் அறிவர்.

ஆகவே, ஒவ்வோர் ஆலயமும் 14 முதல் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இரு பாலாரையும் கொண்ட இளையோர் குழுவை அமைத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒரு பொதுப்பணியை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். டிங்கிக் கொசு பெருகும் கால்வாய்களைத் துப்புரவு செய்யலாம். புதர் மண்டிய இடுகாட்டைச் சீர்படுத்தலாம். தமிழ்ப்பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசலாம். தனித்து வாழும் முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யலாம். நகராண்மைக் கழகத்திற்கு அவர்களே கடிதம் எழுதட்டும். சிறு தொகை ஒன்றை ஒதுக்கி, வரவு செலவுக் கணக்கை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவர்களையே வாசிக்கச் செய்வோம்.

"பிள்ளைகளிடம் பணத்தைக் கொடுப்பதா?" எனச் சிலர் வினவலாம். பற்றுச்சீட்டு கேட்டு வாங்கவும், கணக்கில் குறையும் ஒரு வெள்ளிக்கு விளக்கம் கூறவும் பதினாறு வயதில் பழகியவரே, நாளை ஆலயப் பொருளாளராகத் தகுதி பெறுவார். பெரியவர் ஒருவர் உடனிருந்து வழிகாட்டினால் போதும். வேலையைப் பறித்துத் தாமே செய்தல் கூடாது.

18 வயதினர் வாக்களிக்கும் உரிமை 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2022 பொதுத்தேர்தலில் அவர்கள் வாக்களித்தும்விட்டனர். நாட்டின் ஆட்சியைத் தீர்மானிக்கத் தகுதி பெற்றவர்கள், ஆலயக் கூட்டத்தில் நாற்காலி அடுக்குவதற்கு மட்டுமே உரியவர்களா? பல ஆலயங்களில் நிர்வாகத்தினரின் தலை நரைத்துவிட்டது. அவர்களுக்குப் பின் யார் என்ற கேள்விக்கு விடை, இன்று வடம் பிடித்து நிற்கும் கூட்டத்தில்தான் இருக்கிறது.

இவ்வாண்டுத் திருவிழா நிறைவுற்றதும் கூடும் முதல் நிர்வாகக் கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக நிறைவேற்றுவோம். பெற்றோரும் பிள்ளைகளை மனமுவந்து அனுப்பி வைப்பார்களாக. எல்லாம் வல்ல அன்னையின் திருவருள் நம் இளைய தலைமுறைக்குத் துணை நிற்பதாக.