வளைவையும் விசாரிக்க வேண்டும்

மலைநாட்டில் பஸ்ஸொன்று பள்ளத்தில் வீழ்ந்தால் முதலில் விசாரிக்கப்படுபவர் சாரதி, அடுத்தது பிரேக். வளைவை விசாரிப்போர் அரிது.

2025 மே 11ஆம் திகதி கொத்மலை, கரண்டிஎல்லயில் கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பஸ் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் பலியாகினர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல - வெல்லவாய வீதி விபத்து 15 உயிர்களைக் காவுகொண்டது. ஒவ்வொரு விபத்துக்கும் தனிக் காரணங்கள் உண்டு. ஆயினும், சாரதி தவறிழைக்கும் கணத்தில் வீதி அவருக்குத் துணைநின்றதா என்ற கேள்வியும் எழுப்பப்படல் வேண்டும்.

வளைவில் திரும்பும் வாகனம் வெளிப்புறமாகத் தள்ளப்படுகின்றது. அதனை ஈடுசெய்யவே வளைவின் வெளிவிளிம்பு உயர்த்தப்படுகின்றது. 30 மீற்றர் ஆரையுள்ள வளைவில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனத்தின் மீதான பக்கத் தள்ளல், அதன் நிறையில் ஏறத்தாழ 24 வீதம். வீதியின் சாய்வு 8 வீதமாயின் அதில் மூன்றிலொன்றைச் சாய்வே தாங்கிக்கொள்ளும். மீதியே டயரின் பொறுப்பு. வேகம் 45 ஆனால் தள்ளல் 53 வீதமாகும். மழையில் நனைந்த தரையில், தேய்ந்த டயர் அதனைத் தாங்குமென எதிர்பார்க்க முடியாது.

சாய்வை விரும்பியவாறு கூட்டவும் முடியாது. பாரமேற்றி மெதுவாக ஊர்ந்து வரும் லொறி உட்புறமாகச் சரியக்கூடும். இதனாலேயே இந்திய வீதித் தரநிலை, பனி படியாத மலைப்பகுதிகளுக்கு 10 வீதத்தை உச்ச எல்லையாக வகுத்துள்ளது.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளை, வத்தேகம ஊடாகப் பன்வில நோக்கிப் பயணிப்போருக்கு வளைவுகள் புதியனவல்ல. மலைவீதிகள் பல பெருந்தோட்ட யுகத்தின் வண்டிப்பாதைகளைத் தழுவியவை. அவற்றின்மீது காபட் மட்டும் விரித்தால் வேகம் கூடுமேயன்றிப் பாதுகாப்பு கூடாது. நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழும் நேர்வீதியின் அமைப்பையே வளைவிலும் தொடர்ந்தால், வெளிப்பாதையில் செல்லும் வாகனத்தை வீதியே பள்ளத்தை நோக்கிச் சாய்த்துவிடும்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி கண்டி மாவட்டத்தின் வீதிகளைப் பெரிதும் சிதைத்தது. சிதைந்தவற்றை மீளமைக்கும்போது பழைய பிழைகளையும் சேர்த்து மீளமைக்கலாகாது. வீதி அபிவிருத்தி அதிகார சபையும் மாகாண நிர்வாகமும் ஒவ்வொரு வளைவின் ஆரை, சாய்வு, வடிகால் ஆகியவற்றை அளந்து, அதற்கேற்ற வேக எல்லையை அறிவித்த பின்னரே பணியைப் பூர்த்தியானதாகக் கொள்ள வேண்டும்.

சாரதிகள் நிதானம் காக்க வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிவரும் பஸ்ஸின் பாதுகாப்பை ஒரு மனிதரின் நிதானத்திடம் மட்டும் ஒப்படைத்துவிட்டு அதிகாரிகள் ஒதுங்கிக்கொள்வதை நாம் ஏற்க முடியாது.