மீனை அறுக்காமலே தீர்ப்பா?

2022 செப்டம்பர் 30. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில், ஈரி ஏரியில் மீன்பிடிப் போட்டி நடந்தது. முன்னணியில் இருந்த இருவரின் மீன்கள் அளவுக்கு மீறிய எடை காட்டின. சந்தேகப்பட்ட போட்டி நடத்துநர், எல்லார் முன்னிலையிலும் மீனின் வயிற்றைக் கத்தியால் கிழித்தார். உள்ளே ஈயக்குண்டுகள்! வேறு மீனின் சதைத் துண்டுகளும் இருந்தன. கூட்டம் கொதித்தது. யாரும் கை வைக்கக் கூடாது என்று தடுத்தவரும் அதே நடத்துநர்தான். 2023 மார்ச்சில் இருவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மே மாதம் 10 நாள் சிறை, அபராதம், படகு பறிமுதல்.

அந்த வீடியோ நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியது. பார்த்துச் சிரித்தோம். ஆனால் அங்கே மீனை அறுத்தார்கள், சான்றைக் கைப்பற்றினார்கள், பிறகுதான் தண்டனை என்பதை எத்தனை பேர் கவனித்தோம்?

எங்கள் தாமானில் ஒரு லாரி ஓட்டுநர் இருக்கிறார். கட்டணக் குளத்தில் தூண்டில் போடுவதுதான் அவருடைய ஒரே பொழுதுபோக்கு. ஒரு போட்டியில் பெரிய பாத்தின் மீனைப் பிடித்து முதல் பரிசுக்குத் தேர்வானார். அன்றிரவே அவர் மீனைத் தூக்கிப் பிடித்திருக்கும் படம் பேஸ்புக்கில் ஏறியது. “வயிற்றில் ஈயம்” என்று ஒருவர் எழுதினார். அடுத்தவர் இனத்தை இழுத்தார். மூன்றாமவர் லாரியின் எண்ணையே போட்டுவிட்டார்! மீனோ, எடை போட்ட கையோடு குளத்தில் விடப்பட்டுவிட்டது. இனி யார் அறுத்துப் பார்ப்பது? ஏற்பாட்டாளர் பரிசுப் பணத்தை நிறுத்தி வைத்தார். முதலாளி கூப்பிட்டு விசாரித்தார். பள்ளியில் மகளைக் கேலி செய்தார்கள்.

அவர் ஏமாற்றினாரா இல்லையா, எனக்குத் தெரியாது. ஏசியவர்களுக்கும் தெரியாது. மற்ற இனத்தவன் மாட்டினால் அது தனி ஆள் செய்த தப்பு. நம்மவன் மேல் சந்தேகம் என்றாலே மொத்த சமுதாயமும் கூண்டில் ஏற வேண்டும். இதில் வேதனை என்னவென்றால், அந்தப் படத்தை அதிகம் பகிர்ந்தவர்களும் நம்மவர்களே. (பகிர்வதில் நம் ஆட்களுக்குத் தனி வேகம்!)

2024 ஜூலையில் டிக்டாக் ஏஷாவை இழந்தோம். இணையத்தில் தொடர்ந்து ஏசப்பட்ட அவர், போலீஸ் புகார் கொடுத்த மறுநாளே இறந்தார். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்கு விதிக்கப்பட்ட அபராதம் வெறும் 100 வெள்ளி! நாடே கொதித்த பிறகுதான் குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் வந்தன. 2025 ஜூலை 11 முதல் அவை நடப்பில் உள்ளன. மிரட்டித் தொல்லை கொடுத்தால் 3 ஆண்டு வரை சிறை. தூண்டுதலால் ஒருவர் தற்கொலைக்கு முயன்றாலோ இறந்தாலோ 10 ஆண்டு வரை. தொல்லை கொடுக்கும் நோக்கத்தில் ஒருவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவதும் இப்போது குற்றம். லாரி எண்ணைப் போட்டவர் இதைப் படித்தால் நல்லது.

சட்டம் தானாக வீட்டுக் கதவைத் தட்டாது. உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ இப்படி நடந்தால் பதில் ஏசாதீர்கள். கணக்கின் பெயர், நாள், நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அவர்கள் அழிப்பதற்குள். உடனே போலீஸ் புகார் செய்து, அந்த நகலுடன் எம்சிஎம்சியிடமும் புகார் கொடுங்கள். தனியாகப் போகத் தயங்கினால் விவரம் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள்.

குளத்துக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பரிசு மீனை எடை போட்டவுடன் தண்ணீரில் விடாதீர்கள். சந்தேகம் இருப்பவர் அங்கேயே, அந்த நிமிடமே சொல்லட்டும். இரு தரப்பும் பார்க்க மீனை அறுங்கள்.